தோசைக்கல்லில் வறுத்த மயில்துத்தம்

ஐப்பசி 2, ஞாயிறு

கூட்டுறவுச் சங்கத்தில் கொடுத்த டைரி இது. மூன்று வருடம் பழையது. கிழமை ஒத்துவராது, நானே அடித்துத் திருத்திக்கொள்கிறேன். பெரிய மனிதர்கள் எல்லாரும் நாட்குறிப்பு எழுதியிருக்கிறார்கள். நான் இத்தனை காலம் எழுதாமல் விட்டது நாட்டுக்குத்தான் நஷ்டம்.

பெயர் பவுன்ராசு. படிப்பு ஒன்பதாம் வகுப்பு. ஆனால் அதை மூன்று தடவை படித்ததால் வருஷக் கணக்குப்படி பதினொன்று. திருப்பூரில் மகன் வீட்டில் ராஜா மாதிரி இருந்தேன். "போகாதீங்கப்பா" என்று மகனும் மருமகளும் என் காலைக் கட்டிக்கொண்டு அழுதார்கள். தங்கச்சி ஒச்சம்மா சுருளிப்பட்டியில் தனியாகத் தவிக்கிறாள், அவள் புருஷன் தங்கமலைக்கு முதுகில் டிஸ்க் விலகிவிட்டது, திராட்சைத் தோட்டத்தைப் பார்க்க ஆளில்லை என்று கேள்விப்பட்டதும் நான்தான் எல்லாவற்றையும் உதறிவிட்டுக் கிளம்பினேன்.

கம்பத்தில் இறங்கி ஆட்டோ பிடித்து வந்தேன். ஒச்சம்மா வாசலில் நின்றாள். ஆட்டோவிலிருந்து தகரப்பெட்டி, மெத்தைச் சுருள், மேசை ஃபேன், ஒரு குத்துவிளக்கு எல்லாம் இறங்குவதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"என்னாண்ணே, ரெண்டு நாள்னு போன்ல சொன்ன. ஃபேனையும் தூக்கிட்டு வந்திருக்க?"

"இங்கிட்டுக் காத்து வராதுன்னு சொன்னாங்கத்தா."

மலையிலிருந்து அடித்த காற்றில் அவள் சேலைத் தலைப்பு என் முகத்தில் வந்து விழுந்தது. அதை இழுத்துச் செருகிக்கொண்டு மெத்தைச் சுருளை உள்ளே தூக்கிப்போனாள்.

ஐப்பசி 3

மச்சான் கட்டிலில் மல்லாந்து கிடக்கிறார். டாக்டர் எழுந்து உட்காரவே கூடாது என்றிருக்கிறார். என்னைப் பார்த்ததும் அவருக்குக் கண் கலங்கிவிட்டது. முதுகுவலியால் என்று அவர் சொன்னார்.

மத்தியானம் மாட்டுக் கொட்டத்தில் நிற்கும்போது சுவருக்கு அந்தப் பக்கம் இருவரும் பேசியது காதில் விழுந்தது. ஒட்டுக்கேட்கும் வழக்கம் எனக்குக் கிடையாது. சுவர்தான் மெல்லிசு.

"ஒச்சம்மா, ஒங்கண்ணன் டீக்கடை போட்டாரு, பால் திரிஞ்சது. கோழிப்பண்ணை வச்சாரு, கோழி பறந்துருச்சு. கோழி பறந்து எவனாவது பாத்திருக்கானா? இப்ப என் தோட்டத்துக்கு வந்திருக்காரு."

"அதுக்கு? மகன் வீட்டுக் கதவு சாத்திக்கிருச்சு. அண்ணன் எங்கிட்டுப் போவும்?"

"நான் போகச் சொன்னேனா? மோட்டார் ரூம் சும்மாதானே கெடக்கு. இந்தப் போகத்தைப் பாப்போம். மழைக்குத் தப்பிச்சுக் காய் நின்னுச்சுன்னா அவரு காலத்துக்கும் இங்கனயே இருக்கட்டும். தோட்டம் போச்சுன்னா நானே பஸ் ஏத்தி விட்டுருவேன், ஆமா."

என் புகழ் இவர்கள் வரை பரவியிருக்கிறது என்பது இதிலிருந்தே தெரிகிறது. மகன் வீட்டுக் கதவைப் பற்றி ஒச்சம்மா ஏன் சொன்னாள் என்று தெரியவில்லை. அங்கே தாழ்ப்பாள் சரியில்லை என்று எப்போதோ சொல்லியிருப்பேன்.

ஐப்பசி 5

தோட்டத்தைச் சுற்றிப் பார்த்தேன். ஒன்றரை ஏக்கர் பன்னீர் திராட்சை, கல்லுக்கால் நட்டுக் கம்பி இழுத்த பந்தல். மச்சான் படுக்கையில் விழுவதற்கு முன்பே கவாத்து பண்ணி முடித்துவிட்டார். வெட்டிய இடமெல்லாம் இளந்துளிர் விட்டு, பந்தல் முழுக்கப் பச்சைப் பிள்ளையின் காது மாதிரி இலைகள்.

இந்த இலைக்கு எமன் அடிச்சாம்பல் நோய். மழை பிடித்தால் இலையின் அடியில் வெள்ளையாகப் பூக்கும். பூத்தால் இலை போச்சு, பிஞ்சு போச்சு, போகம் போச்சு. அதைத் தடுக்க ஒரே வழி, மழை பிடிப்பதற்குள் மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்து அடிப்பது.

"மயில்துத்தம் தெரியுமா மச்சான்?" என்று கட்டிலில் கிடந்தபடி தங்கமலை கேட்டார்.

என்னிடம் போய்! நான் ஆண்டிபட்டியில் சினிமா போஸ்டர் ஒட்டிய காலத்தில் மைதாப் பசையில் துத்தம் போட்டுக் காய்ச்சியவன். துத்தம் போட்ட பசையைக் கரப்பான் தொடாது, பூசணம் பிடிக்காது, மாடு மட்டும் தின்னும், தின்றால் படுத்துக்கொள்ளும். நான் ஒட்டிய போஸ்டர்கள் கொட்டகையை இடித்த பிறகும் சுவரில் இருந்தன.

"அந்தத் துத்தத்தோட நான் பத்து வருசம் குடும்பம் நடத்துனவன்" என்றேன்.

"ரெண்டு மாசம்னு ஒச்சம்மா சொன்னாளே?"

"மாசம் மாதிரிதான் போச்சு" என்றேன்.

ஐப்பசி 6

கம்பத்து உரக்கடையில் பத்துக் கிலோ துத்தம் வாங்கினேன். சாக்கைப் பிரித்துக் காட்டச் சொன்னேன். அடடா, என்ன நீலம்! மயில் கழுத்தை வெட்டிக் கல்கண்டு போட்ட மாதிரி. வாயில் போட்டுக்கொள்ளலாம் போல இருந்தது. கடைக்காரர் என் கை போகிற திசையைப் பார்த்து, "அண்ணாச்சி, அது வெசம்" என்றார். எனக்குத் தெரியாதா? மணம் பார்க்கப் போனேன்.

மச்சான் பாடம் நடத்தினார். ஒரு கிலோ துத்தம், ஒரு கிலோ சுண்ணாம்பு, நூறு லிட்டர் தண்ணீர். இரண்டையும் தனித்தனியாகப் பிளாஸ்டிக் டிரம்மில் கரைக்கணும். இரும்பு டிரம் கூடாது, துத்தம் தின்றுவிடும். சுண்ணாம்பைத் துணியில் வடிகட்டணும். துத்தத் தண்ணீரைச் சுண்ணாம்புத் தண்ணீரில் ஊற்றணும், மாற்றி ஊற்றக் கூடாது. கண்ணில் தெறிக்கவிடக் கூடாது. இன்னும் ஏதோ சொல்ல வந்தார். "தெரியும் மச்சான்" என்று நிறுத்திவிட்டேன். நோயாளியை அதிகம் பேசவிடுவது தப்பு.

ஐப்பசி 8

இரவெல்லாம் சாரல். மோட்டார் ரூம் கூரை ஒழுகி, துத்தச் சாக்கு நனைந்துவிட்டது. சாக்கு இருந்த இடம் ஒழுகும் இடம்தான் என்று ஒச்சம்மா முன்னாடியே சொன்னாள். நான் அதைச் சோதித்துப் பார்க்கத்தான் அங்கே வைத்தேன்.

துத்தம் கட்டி கட்டியாகப் பிடித்துக் கிடந்தது. எனக்கு ஒரு யோசனை. ஈரமானதைக் காயவைக்க வெயில் இல்லை. நெருப்பு இருக்கிறதே! ஒச்சம்மா களையெடுக்கும் பெண்களோடு தோட்டத்துக்குப் போனதும், பின்கட்டு விறகடுப்பில் அவளுடைய தோசைக்கல்லைப் போட்டு, துத்தத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொட்டி வறுத்தேன்.

அப்போது நடந்ததை எழுதினால் யாரும் நம்ப மாட்டார்கள். நீலம் மெல்ல மெல்ல வெளுத்தது. ஆவி வந்தது. கடைசியில் கோலமாவு மாதிரி வெள்ளைப் பொடி! மயில் போய்க் கொக்கு வந்து உட்கார்ந்திருந்தது.

விஷம் அந்த நீலத்தில்தான் இருந்திருக்க வேண்டும். அது எரிந்து போய்விட்டது. இது சுத்தத் துத்தம். சித்தர்கள் காட்டில் உட்கார்ந்து வருஷக்கணக்கில் செய்ததை நான் ஒரு காலைப் பொழுதில் தோசைக்கல்லில் செய்துவிட்டேன். கல்லைத் துணியால் துடைத்து இருந்த இடத்திலேயே வைத்துவிட்டேன்.

ஐப்பசி 9, ஞாயிறு

காலையில் தோசை இல்லை.

காரணம்: ஒச்சம்மா கல்லை அடுப்பில் வைத்ததும், மாவு ஊற்றுவதற்கு முன்னால் வழக்கம்போலக் கையால் தண்ணீர் தெளித்திருக்கிறாள். தெளித்த இடமெல்லாம் பொட்டுப் பொட்டாக நீலமாகிவிட்டது. "ஆத்தாடி!" என்று அவள் போட்ட கூச்சலில் டாக்டர் எழுந்திருக்கவே கூடாது என்று சொன்ன மச்சான் எழுந்து உட்கார்ந்துவிட்டார். அந்த வகையில் ஒரு வைத்தியமும் ஆனது.

"அண்ணே! கல்லுல என்னத்தப் போட்ட?"

"ஒண்ணுமில்லத்தா, கொஞ்சம் துத்தம் வறுத்தேன்."

"வறுக்க ஒனக்கு என் தோசைக்கல்லுதான் கெடச்சுச்சா? அதுல ஊத்தித் தின்னிருந்தா குடும்பத்தோட வாந்தி எடுத்துச் செத்திருப்போமே!"

"விசம் போயிருச்சுத்தா, நீலம் போனதோட..."

"நீலம் எங்க போச்சு? இந்தா இருக்குல்ல!"

அது நியாயமான கேள்வி. கல்லைத் தோட்டத்து மூலையில் குழிவெட்டிப் புதைக்கச் சொன்னாள். புதைத்தேன். இட்லி கிடைத்தது.

ஐப்பசி 10

இன்று என் வாழ்க்கையில் பொன்னாள். இல்லை, செப்பு நாள்.

வெள்ளைத் துத்தத்தில் ஒரு கிலோ நிறுத்துத் தண்ணீரில் போட்டேன். மறுபடியும் நீலம்! தண்ணீர் பட்டதும் கொக்கு மயிலாகிவிட்டது. சுண்ணாம்பு ஒரு கிலோ கரைத்தேன். வடிகட்டும் துணி எங்கே என்று தேடும் அளவுக்கு நான் வேலையற்றவன் இல்லை, அப்படியே விட்டேன். நீலத்தை வெள்ளையில் ஊற்றினேன். கிண்டக் கம்பு கிடைக்கவில்லை. கையிலிருந்த அரிவாளை விட்டுக் கிண்டினேன்.

எடுத்துப் பார்த்தால் அரிவாள் சிவந்திருக்கிறது. துரு இல்லை. புதுச் செம்புக் குடம் மாதிரி தகதகவென்று! இரும்பு செம்பாகிவிட்டது. தொட்டுப் பார்த்தேன், கட்டைவிரலால் தேய்த்துப் பார்த்தேன். செம்பேதான். செம்பு ஆனது நாளைக்குத் தங்கம் ஆவதற்கு எத்தனை நேரம்?

பக்கத்துத் தோட்டத்துக் கூடலிங்கம் பம்ப் செட்டுக்கு வந்தவன் பார்த்துவிட்டான். வாயைப் பிளந்தான்.

"அண்ணே, என்னாண்ணே இது? ரசவாதமா?"

"சின்ன வித்தைதான்ப்பா. கையில சுத்தம் இருக்கணும், மனசுல தீட்டு இருக்கக் கூடாது. எல்லாருக்கும் படியாது."

"நான் வெள்ளிக்கிழமை கறி தின்னுட்டேனே..."

"அப்ப ஒரு வாரம் பொறு" என்றேன்.

ஐப்பசி 11

மருந்து அடித்தேன். ஒன்றரை வரிசை ஆவதற்குள் தெளிப்பானின் மூக்கு அடைத்துக்கொண்டது. குச்சியை விட்டுக் குத்தினேன், வாயால் ஊதப் போனேன். களையெடுக்கும் பெண்கள் "ஐயையோ மாமா, வாயை வைக்காதீங்க!" என்று கத்தியதால் அவர்கள் மனம் நோகக் கூடாதென்று விட்டுவிட்டேன். சுண்ணாம்புக் கல் மாட்டியிருக்கும். சுண்ணாம்பு விற்றவன் மோசடிக்காரன். மிச்ச வரிசையை நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று டிரம்மை மூடிவைத்தேன்.

தெளிப்பானைச் சிமெண்டுத் தொட்டியில் முக்கிக் கழுவினேன். ஒச்சம்மா அதில் ஜிலேபி மீன் வளர்க்கிறாள் என்பது தெரியும். மீனுக்கும் நோய் வராமல் இருக்கட்டும் என்று நினைத்தேன்.

சாயங்காலம் எல்லா மீனும் வயிற்றைக் காட்டி மிதந்தன. குளிர் தாங்கவில்லை போலிருக்கிறது. வறுத்துவிடலாமே என்றேன். ஒச்சம்மா என்னைப் பார்த்த பார்வையில், எனக்கே பசி இல்லை என்பது தெரிந்தது. தோசைக்கல்லுக்குப் பக்கத்தில் இன்னொரு குழி வெட்டினேன்.

"துத்தத்துக்கும் மீனுக்கும் ஆவாது மச்சான். ஒரு சிட்டிகை போதும்" என்றார் மச்சான் உள்ளேயிருந்து. இதை முன்னாடியே சொல்லியிருக்கலாம். சொல்ல வந்தபோது நான்தான் நிறுத்தினேன் என்கிறார்.

ஐப்பசி 12

தோட்டத்தில் திருவிழாக் கூட்டம். கூடலிங்கம் ஊர் முழுக்கச் சொல்லிவிட்டான். ஒருவன் மண்வெட்டி கொண்டுவந்தான், ஒருவன் கதவுக் கொண்டி, ஒரு கிழவர் பாக்குவெட்டி. எல்லாவற்றையும் டிரம்மில் முக்கி எடுத்துக் கொடுத்தேன். எல்லாம் செக்கச் செவேல். நடுவில் ஒரு சின்ன மந்திரமும் சொன்னேன். ஒன்பதாம் வகுப்பு மனப்பாடச் செய்யுள் அது, வெளியில் காட்டிக்கொள்ளவில்லை. கூட்டத்தில் தெளிப்பான் மூக்கின் அடைப்பை நோண்ட நேரம் கிடைக்கவில்லை. மருந்தடிப்பு அப்படியே நின்றது.

டீக்கடையில் காசு வாங்க மறுத்துவிட்டார்கள். "மாமாவுக்கு ஸ்பெசலா ஒரு டீ" என்று குரல் கேட்டது. இந்த ஊரில் இனி எனக்கு ஒரு குறையும் இருக்காது.

கூடலிங்கம் காலில் விழாத குறை. அவன் தோட்டத்திலும் துளிர் விட்டிருக்கிறது. "அண்ணே, ஒங்க கைப்பக்குவத்துல வறுத்த துத்தம் எனக்கும் கொஞ்சம் குடுங்க. அதே அளவுல கலந்து அடிக்கிறேன்." வாரி வழங்கினேன். நாளை மறுநாள் காலை அடிக்கப் போகிறானாம், தோட்டம் முழுக்க.

மகனுக்குப் போன் போட்டு இந்த வெற்றியைச் சொல்லலாம் என்று பார்த்தேன். எடுக்கவில்லை. பனியன் கம்பெனியில் சத்தம் அதிகம், கேட்டிருக்காது.

ஐப்பசி 14

காலையில் களையெடுக்கும் பெண் ஒருத்தி ஓடிவந்தாள். "மாமா, இலையெல்லாம் தீஞ்சு கெடக்கு!"

ஓடினேன். நான் அடித்த ஒன்றரை வரிசையும் பழுப்புப் புள்ளி விழுந்து, ஓரம் சுருண்டு, அடுப்பில் காட்டிய வெற்றிலை மாதிரி இருந்தது. அடிக்காத வரிசைகள் பச்சையாகச் சிரித்துக்கொண்டிருந்தன. வெயில் கடுமை என்றேன். வானத்தில் வெயில் இல்லை.

மச்சான் தன்னைத் தோட்டத்துக்குத் தூக்கிப்போகச் சொன்னார். நான்கு பெண்கள் கட்டிலோடு தூக்கினார்கள். "ஏய், மெதுவாடீ, பொணத்தத் தூக்குற மாதிரி தூக்குறீங்க" என்றார். "பொணம் இம்புட்டுக் கனக்காது அண்ணே, வாயும் பேசாது" என்றாள் ஒருத்தி. பந்தலுக்கு அடியில் இறக்கினார்கள். மல்லாந்து கிடந்தபடியே இலைகளைப் பார்த்தார். அவர் படுத்திருக்கும் வாக்கில் அது வசதியாகவும் இருந்தது.

"மச்சான், கலவையில அருவாளை முக்குனீங்களா?"

"முக்குனேன். செவந்துச்சே! ஊரே பாத்துச்சு."

கண்ணை மூடித் திறந்தார்.

"மச்சான். அது வித்தை இல்ல. அது சோதனை. சுண்ணாம்பு பத்தலைன்னா கலவையில துத்தம் மிஞ்சி நிக்கும், இரும்புல செம்பை ஏத்தும், இலையைத் தின்னும். அருவாளை முக்கிப் பாக்குறதே அதுக்குத்தான். செவந்துச்சுன்னா 'அடிக்காதே, இன்னும் சுண்ணாம்பைப் போடு'ன்னு அர்த்தம். எங்கப்பன் சொல்லிக் குடுத்தது. அன்னிக்கு இதையுந்தான் சொல்ல வந்தேன், நீங்க 'தெரியும்'னுட்டீக. அது 'அடிக்காதே'ங்குது, நீங்க ஊரைக் கூட்டிக் காட்டியிருக்கீக!"

ஒச்சம்மா தீய்ந்த இலை ஒன்றைப் பறித்து விரலில் சுருட்டிக்கொண்டே நின்றாள். அது எனக்குப் பிடிக்கவில்லை. அவள் திட்டினால் பதில் சொல்லலாம்.

அப்போதுதான் ஞாபகம் வந்தது, கூடலிங்கம் இன்று காலை அடிக்கிறான்.

வரப்பில் ஓடினேன். வாய்க்காலைத் தாண்டினேன், முழுக்கத் தாண்டவில்லை. அவன் டிரம்மில் கலவை தயாராக வைத்து, தெளிப்பானில் ஊற்றக் குனிந்துகொண்டிருந்தான். நீலமாக, அழகாக, என் கைப்பக்குவத்தில்.

"வாங்கண்ணே! நீங்களே மொத கை வைங்க" என்றான்.

கிட்டே போனேன். கால் தடுக்கியது. எனக்குக் கால் தடுக்கியதே கிடையாது, ஆனால் இன்று தடுக்கியது. டிரம் சாய்ந்து மொத்தமும் மண்ணில் போய்விட்டது.

"என்னாண்ணே இப்படிப் பண்ணிட்டீங்க!"

"தடங்கலாயிருச்சுடா. சகுனம் சரியில்ல. அந்தப் பொடிக்கு இன்னும் ஒரு புடம் பாக்கி. இருக்கிறதக் குடு, நானே திருப்பி எடுத்துக்கிறேன். நீ கடையில நீலத் துத்தம் வாங்கி அடி. தங்கமலை மச்சானைக் கேட்டுக் கலக்கு. அருவாள் செவக்கவே கூடாது, செவந்தா சுண்ணாம்பு போடு."

"செவந்தாத்தானே வித்தை?"

"வித்தை எனக்குடா. ஒனக்குத் தோட்டம்."

புரியாமல் தலையாட்டினான். டீக்கடையில் இனி காசு கேட்பார்கள் என்று நினைக்கிறேன்.

ஐப்பசி 15

இன்று யாரும் என்னோடு பேசவில்லை. மச்சான் கட்டிலுக்குப் பக்கத்துச் சுவரில் கம்பம் – திருப்பூர் பஸ் நேரம் எழுதிய அட்டை தொங்குகிறது. ரொம்ப நாளாகவே தொங்குகிறதாம். நான் இன்றுதான் பார்த்தேன்.

ஐப்பசி 16, ஞாயிறு

ஒச்சம்மா மகள் நாகஜோதி கோயம்புத்தூர்க் கல்லூரியிலிருந்து ஞாயிற்றுக்கிழமை போன் பேசுவாள். அவள் படிப்பது கெமிஸ்ட்ரி. அம்மாவிடம் எல்லாம் கேட்டுவிட்டு என்னிடம் போனைக் கொடுக்கச் சொன்னாள். சிரித்துக்கொண்டே இருந்தாள்.

"மாமா, தோசைக்கல்லுல வறுத்தீங்களாமே?"

"ஒரு ஆராய்ச்சிக்கும்மா."

"மாமா, அந்த நீலக் கல்லுக்குள்ள தண்ணி இருக்கு. வறுத்தா தண்ணி ஓடிரும், வெள்ளையாயிரும். தண்ணி பட்டா திரும்ப நீலம். விசமெல்லாம் அப்படியேதான் இருக்கும். தண்ணி போனதால ஒரு கிலோ வெள்ளைப் பொடின்னா கிட்டத்தட்ட ஒன்றரைக் கிலோ நீலக் கல்லு. நீங்க ஒரு கிலோ சுண்ணாம்புதான் போட்டீங்க. எப்படிப் பத்தும்?"

கல்லுக்குள் தண்ணீர்! கையால் தொட்டால் உலர்ந்துதான் இருக்கிறது. ஆனால் உள்ளே தண்ணீரைக் குடித்துவிட்டுக் கமுக்கமாக உட்கார்ந்திருக்கிறது. இப்படிப்பட்ட ஆட்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

"அப்ப அருவாள்?"

"துத்தத்துக்குள்ள இருக்கிற செம்புதான் இரும்பு மேல முலாமா ஏறியிருக்கு, மாமா. தேய்ச்சா போயிரும்."

கிழவர் பாக்குவெட்டியை நினைத்துக்கொண்டேன். தேய்க்காமல் வைத்திருந்தால் அவருக்குச் சந்தோஷம்.

"மாமா, ஒண்ணு சொல்லவா? நீங்க சுண்ணாம்பை வடிகட்டியிருந்தா மூக்கு அடைச்சிருக்காது. தோட்டம் பூராத் தீஞ்சிருக்கும்."

"அதனாலதாம்மா வடிகட்டல" என்றேன்.

அவள் சிரித்த சிரிப்பு மச்சான் கட்டில் வரை கேட்டது. அங்கேயும் முதுகு குலுங்கியது. வலி என்றார்.

ஐப்பசி 18

மேற்கே மேகம் கட்டிவிட்டது. இன்றே அடித்தாக வேண்டும்.

கடையில் புது நீலத் துத்தம் வாங்கிவந்தேன். சாக்கை என் மெத்தையின் மேல் வைத்துக்கொண்டு, நான் தரையில் உட்கார்ந்திருந்தேன். கம்பால் கிண்டினேன். மச்சானின் பழைய வேட்டித் துணியில் சுண்ணாம்பை இரண்டு தடவை வடிகட்டினேன். கலவை வானத்தின் நிறத்தில், மோர் பதத்தில் வந்தது. வேறொரு அரிவாளைத் தேய்த்துப் பளபளப்பாக்கி முக்கினேன். மனசுக்குள் சாமியெல்லாம் கும்பிட்டேன், செவக்கக் கூடாது, செவக்கக் கூடாது என்று. எடுத்துப் பார்த்தேன். வெள்ளை வெளேரென்று இரும்பாகவே இருந்தது. இரும்பு இரும்பாக இருப்பதைப் பார்த்து இவ்வளவு சந்தோஷப்பட்ட மனிதன் உலகத்தில் நான் ஒருவன்தான்.

மச்சானிடம் கொண்டுபோய்க் காட்டினேன். படுத்தபடியே அரிவாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ம்" என்றார். "இலைக்கு அடியிலயும் படணும். அடியிலதான் அது பூக்கும்."

முகத்தில் துண்டைக் கட்டிக்கொண்டு, அண்ணாந்து அண்ணாந்து அடித்தேன். கழுத்து போய்விட்டது. கைகள் நீலம், மீசை நீலம். கடைசி வரிசையில் இருக்கும்போது முதல் இடி கேட்டது. மழை பின்னால் வந்து என் வேலையைப் பார்த்துக்கொண்டு நின்றது. நான் முடித்தபின் இலையில் காய்வதற்கும் நேரம் கொடுத்துவிட்டுத்தான் இறங்கியது. தெளிப்பானைத் தொட்டியில் கழுவவில்லை.

ஐப்பசி 20

மழை.

ஐப்பசி 21

மழை. மோட்டார் ரூமில் நான் படுக்கும் இடம் ஒழுகும் இடமில்லை. முன்பே சோதித்தாயிற்று.

ஐப்பசி 24

மழை விட்டது. ஒச்சம்மாவும் நானும் போய் ஒவ்வொரு இலையாகத் திருப்பிப் பார்த்தோம். சேற்றில் நின்று என் கால்விரலெல்லாம் புண். கீழ்த்தெருவில் இரண்டு தோட்டத்தில் அடிச்சாம்பல் பூத்துவிட்டதாகச் சொல்கிறார்கள். இங்கே இலைக்கு அடியில் நீலத் திட்டுதான் இருந்தது, வெள்ளை இல்லை.

"அண்ணே, சாப்பிட வா. தோசை" என்றாள். புதுக்கல் வாங்கியிருக்கிறாள். என் கைக்கு எட்டாத உயரத்தில் மாட்டியிருக்கிறாள்.

கார்த்திகை 9

பூ வைத்து, பிஞ்சு பிடித்துவிட்டது. கூடலிங்கத்தின் தோட்டமும் தப்பித்தது. அவனே வந்து சொன்னான்: "அண்ணே, அன்னிக்கு நீங்க டிரம்மைத் தட்டிவிட்டது நல்லதுக்குத்தான்னு தங்கமலை அண்ணன் சொன்னாரு."

"கால் தடுக்குச்சு" என்றேன்.

"அண்ணே, எனக்குத் தெரியும்ல."

இவனுக்கு என்ன தெரியுமோ. காலில் சேற்றுப்புண்ணுக்குத் துத்தத்தை வைத்துக்கட்டலாம் என்று எனக்கு ஒரு யோசனை வந்தது. ஒச்சம்மாவிடம் கேட்டேன். அவள் மஞ்சளும் நல்லெண்ணெயும் கொண்டுவந்து வைத்தாள். கேட்டுவிட்டுச் செய்வது எனக்குப் புதுசு. ஒத்துக்கொள்கிறது.

மார்கழி 12

தீய்ந்த ஒன்றரை வரிசை மறுபடி துளிர்த்திருக்கிறது. காய் இல்லை. பார்க்க வருகிறவர்களிடம், மண்ணுக்கு ஓய்வு கொடுத்திருக்கிறேன் என்று விளக்குகிறேன்.

மச்சான் எழுந்து கம்பூன்றி நடக்கிறார். வாசல் வரை. பிறகு கொட்டம் வரை. அவர் ஒவ்வொரு எட்டு கூட நடக்கும்போதும் எல்லோரும் சந்தோஷப்படுகிறார்கள். நானும்தான். இனி இந்தத் தோட்டத்தைப் பார்க்க அவரே போதும் என்பது யாருக்கும் நினைவில்லை. எனக்கு மட்டும் நினைவிருக்கிறது. ஞாபகசக்தியில் என்னை யாரும் மிஞ்ச முடியாது.

தகரப்பெட்டியைத் திறந்து சட்டைகளை மடித்து வைத்தேன். பூச்சி வரக் கூடாதே என்று.

தை 5

காயெல்லாம் கருத்துவிட்டது. பந்தலுக்குக் கீழே நின்றால் தலைக்கு மேல் கருப்பு வானம், கொத்துக் கொத்தாக. கம்பத்திலிருந்து வியாபாரி வந்தார். கொத்தைத் தூக்கிப் பார்த்தார், இலையைத் திருப்பிப் பார்த்தார்.

"இந்த மழையில இலை இப்படி நிக்குதே. யாரு தங்கமலை, மருந்து அடிச்சது?"

மச்சான் கம்பில் சாய்ந்து நின்றார். இப்போது டீக்கடை, கோழி, தோசைக்கல், மீன் எல்லாம் வரிசையாக வரும் என்று நான் தயாராக நின்றேன்.

"எம் மச்சான்" என்றார். அவ்வளவுதான். கூட ஒரு வார்த்தை இல்லை.

வியாபாரி போனதும் இரண்டு பேரும் வாய்க்கால் மேட்டில் உட்கார்ந்தோம். 

"ஏன் மச்சான், பெட்டியெல்லாம் அடுக்கி வச்சிருக்கீகளாமே. ஒச்சம்மா சொன்னா."

"திருப்பூர்ல பய கூப்புட்டுக்கிட்டே இருக்கான்..."

"ம்." அவர் திரும்பி என்னைப் பார்க்கவில்லை, அது நல்லதாகப் போயிற்று. "எனக்கு இனி அண்ணாந்து மருந்தடிக்க முடியாதுன்னுட்டாரு டாக்டரு. அடுத்த கவாத்து மாசியில. நீங்க இருக்கீகளா, இல்ல நான் வேற ஆள் பாக்கவா? அவசரமில்ல. யோசிச்சுச் சொல்லுங்க."

"நாலு எடத்துல கூப்புடுறாங்க மச்சான். யோசிச்சுத்தான் சொல்லணும்" என்றேன்.

தலையாட்டிவிட்டு, கம்பை ஊன்றி எழுந்து, வரப்பில் மெல்ல மெல்ல நடந்து போனார். அவர் முதல் கல்லுக்காலைத் தாண்டுவதற்குள் நான் யோசித்து முடித்துவிட்டேன். ஆனாலும் மரியாதை என்று ஒன்று இருக்கிறதே; சாயங்காலம் விளக்கு வைக்கும் வரை பொறுத்திருந்துதான் சொன்னேன்.